எச்சரிக்கை: பாடலில் குரலைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லி 18,000 ரூபாயைப் பறித்துக்கொண்டார்கள்

சற்று முன்புதான் கடைசிப் பதில் வந்தது. "உங்கள் புகார் பரிசீலிக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது." ஒரே வரி. யார் பரிசீலித்தார்கள், எதைப் பரிசீலித்தார்கள், நான் அனுப்பிய ஒலிக்கோப்புகளை ஒருவராவது திறந்து கேட்டாரா என்பதற்கெல்லாம் ஒரு சொல்கூட இல்லை. 18,000 ரூபாய் போய்விட்டது. சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் மரியாதை பார்த்துப் பாதியை விட்டுவிடுவேன். வீட்டிலேயே பாடிப் பதிவுசெய்து, மிக்ஸிங்கை (குரலையும் வாத்தியங்களையும் அளவாகச் சேர்க்கும் வேலையை) மட்டும் வெளியாரிடம் கொடுக்க நினைப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். எப்படித் தப்பிப்பது என்றும் கடைசியில் சொல்கிறேன்.

பாடல் என் தோழி எழுதி மெட்டமைத்தது. பாடியது நான். இரண்டு அக்கூஸ்டிக் கிதார், ஒரு வயலின், கீபோர்டு, மெல்லிய தாளம், அவ்வளவுதான். பதிவில் குறை இல்லை. குரலைத் தனியாகக் கேட்டால் லகரமும் ளகரமும் ழகரமும் தனித்தனியே காதில் விழும். இசையோடு சேர்த்தவுடன் எல்லாம் அமிழ்ந்துவிடும். குரலை ஏற்றினால் இசையோடு ஒட்டாமல் மேலே மிதக்கும். இறக்கினால் சொற்கள் காணாமல் போகும். நாள்கணக்கில் இதோடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் இந்த வேதனை புரியும்.

பாடகர்களையும் மிக்ஸிங் செய்பவர்களையும் இணைத்துவைப்பதாகச் சொல்லும் ஓர் இணையச் சேவை. அதில் நிறைய நட்சத்திரங்கள் வாங்கியிருந்த ஒருவர். நானே தோராயமாகச் சேர்த்துவைத்திருந்த மாதிரிக் கலவையைக் கேட்டுவிட்டு அவர் எழுதிய பதிலை அப்படியே வைத்திருக்கிறேன்: "மேடம், உங்கள் குரலில் குறையில்லை. 250 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் அடைப்பு இருக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், இரண்டு கிதாரும் உங்கள் குரலும் 3 கிலோஹெர்ட்ஸை ஒட்டி ஒரே இடத்தில் முட்டிக்கொள்கின்றன. கிதாரில் அந்த இடத்தைக் குடைந்து குரலுக்கு வழிவிட வேண்டும். பிறகு சொல் சொல்லாகக் கையால் ஏற்றி இறக்குவேன்."

(ஹெர்ட்ஸ் என்பது ஒலி எவ்வளவு தாழ்ந்தது, உயர்ந்தது என்பதன் அளவு.) இதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை. அதுதான் இப்போதும் வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறது. சொற்களைப் புரியவைக்கும் மெய்யெழுத்துகளின் கூர்மை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸுக்குள்தான் இருக்கிறது. மனிதக் காது மிகக் கூர்ந்து கேட்பதும் அதே இடத்தில்தான். கிதார் கம்பியை மீட்டும்போது வரும் அந்த 'சணார்' ஒலியும் அங்கேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அப்புறம் குரல் எப்படிக் கேட்கும்? நாடி பிடித்த மாத்திரத்தில் நோயைச் சொல்லிவிட்ட வைத்தியரை நம்புவதுபோல அவரை நம்பினேன்.

நம்பிக்கையை முத்திரை குத்தி முடித்தது அவர் அனுப்பிய மாதிரித் துண்டு. பல்லவி மட்டும், 'முன்', 'பின்' என்று இரண்டு கோப்புகள். 'பின்' கோப்பில் குரல் முகத்துக்கு நேரே வந்து நின்றது. தோழிக்கும் போட்டுக் காட்டினேன், அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று இரவே 18,000 ரூபாயை முழுத்தொகையாக அனுப்பினேன். முழுத்தொகை வந்தால்தான் வேலை தொடங்கும் என்பது அங்கே விதி.

அந்த மாதிரியின் சூட்சுமம் பின்னால்தான் வெளிச்சமாயிற்று. 'பின்' கோப்பு 'முன்' கோப்பைவிட ஏறக்குறைய 4 டெசிபல் சத்தமாக இருந்தது. சத்தம் கூடினால் தாழ்ந்த ஒலிகளும் உயர்ந்த ஒலிகளும் காதுக்கு இன்னும் நிறைவாகக் கேட்கும். ஒலியை ஆராய்ந்த பிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து வெளியிட்ட உண்மை இது. எனவே எந்த இசையையும் சற்றே சத்தமாக வைத்தால் 'மேம்பட்டது' போலவே தோன்றும். இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து கேட்டேன். வேறுபாடு எதுவுமே இல்லை.

எல்லா ட்ராக்குகளையும் (குரல், ஒவ்வொரு வாத்தியம் என்று பிரித்த பதிவுகளை) தனித்தனியாக, 24 பிட் வேவ் கோப்புகளாக அனுப்பினேன். எந்த வரியில் எந்தச் சொல் அமிழ்கிறது என்று நேரக்குறிப்போடு எழுதிக் கொடுத்தேன். கூடவே, பாடலின் போக்கு புரிவதற்காக என் மாதிரிக் கலவையும் போயிற்று.

திரும்பி வந்ததைக் கேட்டபோது தலை சுற்றியது. எல்லாமே சத்தம். குரல் மட்டும் பழைய இடத்திலேயே கிடந்தது. பல்லவியில் எல்லா வாத்தியங்களும் நசுங்கி, வயலின் ஏறும் இடத்தில் கரகரப்பு. அளந்தால் −9 லஃப்ஸ் (மொத்தச் சத்தத்தின் அலகு; எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும்). ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் எப்படியும் −14 பக்கம் இறக்கித்தான் ஒலிக்கவிடும். நசுக்கியதால் கிடைத்த சத்தம் அங்கே காணாமல் போய், நசுங்கல் மட்டும் மிஞ்சும்.

அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. இரண்டாம் சரணம் தொடங்குவதற்கு முன், நான் மூச்சு எடுக்கும் இடத்தில், நாற்காலி 'கிறீச்' என்றது. என் மாதிரிக் கலவையில் அது இருந்தது. தனியாக அனுப்பிய குரல் ட்ராக்கில் இல்லை. அனுப்புவதற்கு முன் நானே வெட்டி எடுத்திருந்தேன். அவர் கொடுத்த 'முடிந்த' பாடலில் அந்த நாற்காலி மறுபடி கிறீச்சிடுகிறது என்றால், நான் அனுப்பிய ட்ராக்குகளை அவர் திறக்கவே இல்லை. என் மாதிரிக் கலவையையே எடுத்து, மேலே ஒரு லிமிட்டரை (உச்சிகளை அமுக்கி மொத்தச் சத்தத்தைக் கூட்டும் கருவியை) போட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு சோதனையும் செய்தேன். என் மாதிரிக் கலவையையும் அவர் கொடுத்த பாடலையும் நூல் பிசகாமல் வரிசையில் வைத்து, சத்தத்தைச் சமப்படுத்தி, ஒன்றின் அலைவடிவத்தை மட்டும் தலைகீழாக்கி ஒன்றாக ஓடவிட வேண்டும். இரண்டிலும் பொதுவாக இருப்பது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வேறுபடுவது மட்டும் கேட்கும். கிதார் மட்டும் வரும் தொடக்கத்தில் முழு நிசப்தம். பல்லவியில் லிமிட்டர் நசுக்கிய இடங்களின் கரகரப்பு மட்டும் கேட்டது. இக்யூ (குறிப்பிட்ட ஒலிப்பகுதியை ஏற்றி இறக்குவது) இல்லை, கம்ப்ரஸர் (சத்த ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வது) இல்லை, கிதாரைக் குடையவில்லை, ஒரு சொல்லைக்கூட ஏற்றி இறக்கவில்லை. இதற்கு 18,000 ரூபாய்.

எழுதிக் கேட்டேன். முதல் பதில்: "உங்கள் ஹெட்போனில் கோளாறு இருக்கலாம், நல்ல ஸ்பீக்கரில் கேளுங்கள்." இதைவிட மோசமான சாக்கு இந்தத் தொழிலில் இல்லை. இடத்தில் உட்கார்ந்த குரல், கைப்பேசியின் ஓட்டை ஸ்பீக்கரிலும் கேட்கும். அதைச் சோதிக்கத்தானே ஸ்டுடியோக்களில் பெரிய ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்திலேயே ஆரடோன் என்ற சிறு ஸ்பீக்கர் பெட்டிகளை வைத்தார்கள். 1978-இல் யமாஹா கொண்டுவந்த வெள்ளைக் கூம்பு என்எஸ்-10 ஸ்பீக்கர், நடுப்பகுதி ஒலிகளின் குறையை ஒளிக்காமல் காட்டுகிறது என்பதற்காகவே அங்கே நிலைத்துப் போயிற்று.

அடுத்து, "திருத்தம் செய்து தருகிறேன்" என்றார். வந்த கோப்பில் மேல் ஒலிகளை மொத்தமாகத் தூக்கிவிட்டிருந்தார். ஒவ்வொரு சகரமும் ஊசியாகக் குத்தியது. அதைச் சொன்னதும் மொத்தப் பாடலுக்கும் ரிவெர்பை (எதிரொலியை) கொட்டி அனுப்பினார்; குரல் இன்னும் பின்னால் போயிற்று. நாற்காலி இரண்டிலும் அப்படியே இருந்தது. அதைச் சுட்டிக்காட்டியதும் தொனி மாறிவிட்டது. "இலவசத் திருத்தங்கள் முடிந்துவிட்டன. உங்கள் குரல் பதிவே மந்தமானது. இதற்கு மேல் செய்ய முடியாது." குறையில்லை என்று எழுதிய அதே கை!

சேவையை நடத்துபவர்களிடம் போனால், கணினி அனுப்பும் பதில்கள். "கோப்பு ஒப்படைக்கப்பட்டுவிட்டது." "ரசனை சார்ந்த கருத்து வேறுபாடுகளுக்குப் பணம் திருப்பித் தரப்படாது." செய்யாத வேலையைப் பற்றிக் கேட்டால் ரசனையா? நாற்காலிச் சத்தத்தின் நேரக்குறிப்பு, சோதனைக் கோப்பு எல்லாவற்றையும் இணைத்து மறுபடி அனுப்பினேன். "புகார் செய்வதற்கான கெடு முடிந்துவிட்டது" என்று வந்தது. கெடு எப்படி முடிந்தது? திருத்தம், திருத்தம் என்று அவர் இழுத்தடித்த நாள்களில் முடிந்தது. அந்தத் திருத்தங்கள் எதற்காக என்று இப்போது விளங்குகிறது.

என் பாடலுக்கு அசாத்தியமான எதுவும் தேவைப்படவில்லை. இந்தச் சண்டைக்கு நடுவே நானே உட்கார்ந்து செய்து பார்த்ததால் சொல்கிறேன். குரலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்த உறுமலை வெட்டினேன். 250-ஐ ஒட்டி இரண்டு மூன்று டெசிபல் இறக்கினேன். கிதார்களை இடமும் வலமுமாக விலக்கி, நடுவைக் குரலுக்கு விட்டேன். டைனமிக் இக்யூ வைத்து, குரல் ஒலிக்கும்போது மட்டும் கிதாரின் 3 கிலோஹெர்ட்ஸ் பகுதி தணியும்படி செய்தேன். பாடாத இடத்தில் கிதார் தன் மினுக்கத்தோடு திரும்பி வந்துவிடும். குரலுக்கு ஒரே கம்ப்ரஸரைப் போட்டு நெரிக்காமல் இரண்டைப் பங்குபோட்டேன்: முதலாவது வேகமாக உச்சிகளை மட்டும் பிடிக்கும், அடுத்தது நிதானமாக மட்டம் பார்க்கும். சகரக் குத்தலுக்கு 6, 7 கிலோஹெர்ட்ஸ் பக்கம் டீ-எஸ்ஸர் (அந்தக் கூர்மையை மட்டும் தணிக்கும் கருவி). ரிவெர்புக்கு முன் 40 மில்லி செகண்ட் இடைவெளி விட்டதும், சொல் முதலில் வந்து, எதிரொலி அதன் பின்னால் வந்தது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை, வரி வரியாகக் கேட்டு, விழுங்கப்படும் சொல்லை மட்டும் ஒரு டெசிபலோ இரண்டோ உயர்த்துவதுதான். வரியின் கடைசி அசையில் மூச்சு குறையும்போது குரல் தானாகத் தாழும். அந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தூக்கினேன். எந்தப் பிளகினும் (மிக்ஸிங் மென்பொருளில் சேர்க்கும் கருவியும்) இதை மனிதக் காதுபோலச் செய்யாது. நேரம் பிடிக்கும், பொறுமை வேண்டும். 18,000 ரூபாய் கொடுத்தது இந்தப் பொறுமைக்குத்தான். என் கலவை தேர்ந்த ஸ்டுடியோ வேலை அல்ல. ஆனால் சொற்கள் கேட்கின்றன, நாற்காலி கேட்கவில்லை.

நிதானமாக எழுத மனம் இல்லை. அவசரமாகச் சில எச்சரிக்கைகள் மட்டும்.

மாதிரி கேட்டால், இரண்டு கோப்புகளும் ஒரே சத்தத்தில் வேண்டும் என்று சொல்லுங்கள். முழுத்தொகையை முன்கூட்டிக் கேட்பவரிடம் போகாதீர்கள். மாதிரிக் கலவை அனுப்ப வேண்டியிருந்தால் எம்பி3-ஆக, நடுவில் எங்காவது ஓர் அடையாள ஒலியோடு அனுப்புங்கள். கையில் வாங்கியவுடன் அலைவடிவத்தைத் தலைகீழாக்கிச் சோதியுங்கள். திருத்தத்துக்குச் சம்மதிப்பதற்கு முன்பே புகாரைப் பதிவுசெய்துவிடுங்கள். இனிமையான பேச்சில் கெடு போய்விடும்.

இன்னொன்று. முடித்த பாடலோடு, குரல் ஒரு டெசிபல் ஏறிய பிரதியும், குரல் இல்லாத இசைப் பிரதியும் வேண்டும் என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள். ட்ராக்குகளைத் திறந்து உண்மையாகவே மிக்ஸிங் செய்தவருக்கு அது சில நிமிட வேலை. நானும் இவரிடம் அதைக் கேட்டேன். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் சாக்குப்போக்குகூட வரவில்லை.