காபெட் கழுவ வந்த வவுனியா மெஷின்: பவுடருக்கு நல்லது, மஞ்சள் கறைக்கு வேண்டாம்

வீட்டுக்கே வந்து சோபா, மெத்தை, காபெட் எல்லாம் கழுவித் தருகிற ஒரு வவுனியாச் சேவையைக் கிளிநொச்சிக்குக் கூப்பிட்டோம். பெயர் போடப் போவதில்லை, பாதி வேலைக்குப் பாராட்டும் மற்றப் பாதிக்கு ஏச்சும் இருக்கிறது, பெயரைப் போட்டால் ஏச்சுத்தான் ஊருக்குள் ஓடும். காபெட்டுக்குள் இறங்கி இறுகிப்போன பவுடரை எடுக்க வேண்டுமென்றால் இவர்களைத் தாராளமாகக் கூப்பிடுங்கள். மஞ்சள், குங்குமக் கறை என்றால் உங்கள் முற்றத்து வெயில் இவர்களைவிடக் கெட்டிக்காரன்.

காபெட் கனடாவிலிருந்து சித்தி பெட்டியில் போட்டு அனுப்பியது. வன்னியில் பெரும்பாலும் சீமெந்து நிலம், இல்லாவிட்டால் டைல்ஸ். கூட்டித் துடைத்தால் முடிந்தது. காபெட் அப்படி இல்லை, சோழகம் எழும்பினால் புழுதியை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும், மாரியில் ஈர மணம் மணக்கும். அந்த மணத்துக்குத்தான் மச்சாள் அப்பச்சோடாவைப் பை கணக்கில் தூவிவிட்டார். மணம் போனது உண்மை. ஆனால் மாரிக் காற்றின் ஈரத்தைக் குடித்து, சோடா நாரின் அடியில் கட்டியாகிவிட்டது. காபெட்டில் நடந்தால் காலடியில் வெள்ளைத் தடம். அது போதாதென்று, அண்ணன் மகளின் சாமத்திய வீட்டில் ஆலாத்தித் தட்டு சரிந்து ஒரு பக்கம் முழுக்க மஞ்சள்.

சரி, வந்தவர்கள் இரண்டு பெடியன்கள். முதலில் தண்ணீரைத் தொடவே இல்லை, அதிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. காபெட்டை விறாந்தையில் ஒரு தறப்பாளில் குப்புறப் போட்டு, முதுகுப் பக்கமாகத் தடியால் தட்டினார்கள். தூக்கிப் பார்த்தால் தறப்பாளில் மா அரித்தது போலப் படை படையாக வெள்ளை. பிறகு நிமிர்த்திப் போட்டு, நார் சாய்ந்திருக்கிற திசைக்கு எதிராகக் கெட்டியான பிரஷ்ஷால் கீறிக் கீறிக் கட்டியை உடைத்து, மெஷினை ஒரே இடத்தில் மெதுவாக முன்னும் பின்னும், அப்புறம் குறுக்காலும் இழுத்தார்கள். இடைக்கிடை நிறுத்தி ஃபில்டரை வெளியே கொண்டுபோய்த் தட்டிவிட்டு வந்தார்கள். இதைக் கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் சோடா, குழந்தைப் பவுடர், விபூதி மாதிரி மெல்லிய தூள் ஃபில்டரை அடைத்துவிட்டால் மெஷின் சத்தம் மட்டும் போடும், ஒன்றையும் இழுக்காது. வீட்டில் இருக்கிற சின்ன வாக்குவம் என்றால் பின்பக்கத்தால் திரும்ப வீட்டுக்குள்ளேயே ஊதியும் விடும்.

அப்படியும் போகாத இடங்களுக்கு வினாகிரியில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து லேசாகத் தெளித்தார்கள். சோடா காரம், வினாகிரி அமிலம், இரண்டும் சேர்ந்தால் நுரைத்துக் கரைந்துவிடும். காதை வைத்தால் சிறுசிறென்று கேட்கிறது. அடங்கினதும் ஈரத் துணியால் ஒற்றி எடுத்தார்கள். முதலிலேயே தண்ணீரை ஊற்றியிருந்தால் அத்தனை சோடாவும் பசையாகி அடிக்குப் போய்க் காய்ந்திருக்கும். இந்த வரைக்கும் முழுப் புள்ளி.

மஞ்சளில்தான் கோட்டை விட்டார்கள். ஏதோ ஒரு நுரைத் திரவத்தை அடித்தார்கள், நான் பார்த்துக்கொண்டிருக்கவே மஞ்சள் ஓரங்கள் செங்கல் நிறத்துக்குத் திரும்பின. பெடியன் சந்தோஷமாக "அக்கா, கறை வெளிக்கிடுது" என்கிறான். வெளிக்கிடவில்லை தம்பி, சிவக்குது! மஞ்சளுக்கு நிறம் கொடுக்கிற குர்குமின் என்கிற பொருள், காரம் பட்டால் சிவக்கும். ஆலாத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் சிவப்பாவது இதனால்தான், சவர்க்காரம் போட்டதும் சட்டையில் மஞ்சள் கறை சிவப்பதும் இதனால்தான். இதைச் சொல்லியும் அவன் இன்னும் கொஞ்சம் நுரை போட்டுத் தேய்த்தான்.

அவர்கள் போன பிறகு அந்த இடத்தில் வினாகிரித் தண்ணீரை ஒற்றினேன், சிவப்பு இறங்கித் திரும்ப மஞ்சளாகிவிட்டது. கறை போகவில்லை, நிறம்தான் திரும்பியது, ஆனால் மஞ்சளாக இருந்தால்தான் அடுத்த வேலை சுலபம். குர்குமின் வெயிலில் சிதைந்து வெளிறிவிடும். கறை தவிர மற்ற இடத்தைப் பழைய பெட்ஷீட்டால் மூடி (இல்லாவிட்டால் காபெட்டின் சொந்த நிறமும் மங்கும்) முற்றத்து வெயிலில் விட்டேன். சில நாளில், இதுதான் இடம் என்று காட்டினால் ஒழியத் தெரியாத அளவுக்குப் போய்விட்டது. கடையில் வாங்குகிற குங்குமத்தில் சாயம் கலந்திருந்தால் இந்த வித்தை பலிக்காது. வினாகிரி பட்டு மஞ்சளாக மாறாவிட்டால் அது சாயம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு குறை தண்ணீர். கடைசி அலசலுக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீரையே எடுத்தார்கள். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர் காபெட்டில் மட்டும் படியாதா? காய்ந்ததும் மேலே மெல்லிய வெள்ளைப் பூச்சு, பவுடர் போகவில்லையோ என்று நினைத்துவிட்டேன். வினாகிரி தொட்ட துணியால் துடைத்த பிறகுதான் போனது. வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் என்றால் கடைசி அலசலுக்கு ஆர்ஓ தண்ணீர் (உப்பு நீக்கி வடிகட்டிய தண்ணீர்) கொடுத்துவிடுங்கள். அதோடு தண்ணீரைக் கூடுதலாக விட்டு ஈரமாகவே போட்டுவிட்டுப் போனதால், ஒரு மூலையில் அடியில் இருக்கிற சணலின் பழுப்பு மேலே ஏறிவிட்டது. மெதுவாகக் காய்ந்தால் சணல் அப்படித்தான் செய்யும். வேலை முடிந்ததும் காபெட்டை நிமிர்த்தி வைத்து ஃபேன் போடச் சொல்லுங்கள்.

கிணற்றுக்குப் போடுகிற குளோரின் வீட்டில் கிடக்கிறதே என்று அதை எடுத்துக் கறையில் போட வேண்டாம். கம்பளி காபெட் என்றால் நாரையே தின்றுவிடும், வினாகிரி பட்ட இடத்தில் போட்டால் நச்சுவாயு கிளம்பும்.

7,500 ரூபா வாங்கினார்கள். தூள் எடுத்த வேலைக்கு அது நியாயம். முல்லைத்தீவு, மாங்குளம் பக்கம் வருவதற்குப் போக்குவரத்துக் காசு தனியாம், ஃபோனிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். கறை இருந்தால் அந்த நுரைப் போத்தலைத் திறக்க விடாதீர்கள்.