கொடைக்கானல் காட்டேஜ் புக்கிங்: ஏமாற்று இரண்டாவது பணத்தில்தான் தொடங்குகிறது

மே மாத விடுமுறைக்குக் கொடைக்கானலில் வீடு தேடுகிறவர்கள் பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் இதே கதைதான்.

அட்வான்ஸ் கேட்பதே மோசடி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சீசனில் நேர்மையான வீட்டுக்காரர்களும் பாதி வாடகையை முன்பணமாகக் கேட்பதுண்டு. அதனால்தான் முதல் பணம் கேட்கும்போது யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஏமாற்று அதற்குப் பிறகு நடக்கிறது.

வட்டக்கானலில் ஒரு காட்டேஜ், இரண்டு இரவுக்கு ₹7,000 என்று வைத்துக்கொள்வோம். பாதி, அதாவது ₹3,500 அனுப்புகிறீர்கள். பத்து நிமிடத்தில் ‘அக்கவுண்ட்ஸ் செக்ஷன்’ என்று வேறொரு குரல் பேசும். “சார், ரவுண்டா போட்டுட்டீங்க, சிஸ்டம் எடுக்கல. 3,501-ஆ மறுபடி போடுங்க, முதல்ல போட்டது தானா திரும்பி வந்துடும்.” அது போனதும், செக்-அவுட்டில் திருப்பித் தருவதாகச் சொல்லி ₹5,000 டெபாசிட் கேட்பார்கள். அடுத்தது 18 சதவீத ஜிஎஸ்டி, ₹1,260. கூட்டிப் பாருங்கள், ₹13,261 போயிருக்கும். வீட்டின் மொத்த வாடகையே ₹7,000தான். முதலில் போட்ட 3,500-ஐக் காப்பாற்றத்தான் மனிதர்கள் அடுத்தடுத்து அனுப்புகிறார்கள். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் இதில் இல்லை.

அவர்கள் சொல்வது ஒவ்வொன்றும் ஏன் பொய் என்று தெரிந்திருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம். யுபிஐயில் பணம் ‘சக்சஸ்’ ஆகி, உங்கள் கணக்கிலும் கழிந்திருந்தால், அது எதிராளியின் கணக்குக்குப் போய்விட்டது என்று பொருள். ஒரு ரூபாய் கூட்டிப் போட்டால்தான் ஏற்கும் சிஸ்டம் எதுவும் கிடையாது. ஜிஎஸ்டி விஷயம் இன்னும் எளிது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை ₹7,500 வரை உள்ள அறைக்கு வரி 5 சதவீதம்தான். ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் அந்த வரியை வசூலிக்கவே முடியாது. ஜிஎஸ்டி எண் கொடுத்தால் அதை ஜிஎஸ்டி தளத்தில் ‘சர்ச் டாக்ஸ்பேயர்’ பகுதியில் போட்டுப் பாருங்கள். எண்ணும் எழுத்துமாக மொத்தம் 15 இருக்கும், தமிழ்நாட்டுப் பதிவானால் 33 என்று தொடங்கும். அங்கே வரும் பெயரும் ஊரும் காட்டேஜுக்குப் பொருந்த வேண்டும்.

கடைசியாக ‘ரீஃபண்ட்’ என்று ஒரு க்யூஆர் படம் வரும். அதை ஸ்கேன் செய்யாதீர்கள். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் எண்ணும் வேண்டாம். பின் கேட்டாலே உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போகிறது.

இவர்கள் எந்த வழியாக நம்மிடம் வருகிறார்கள்? ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரம் ஒரு வழி. ஃபேஸ்புக் பக்கத்தில் ‘பேஜ் டிரான்ஸ்பரன்சி’யைத் திறந்தால் பக்கம் தொடங்கிய தேதியும் பழைய பெயர்களும் தெரியும். போன மாதம் வரை துணிக்கடையாக இருந்த பக்கம் இன்று காட்டேஜ் ஆகியிருந்தால் விலகிவிடுங்கள். இன்னொரு வழி கூகுள் மேப்ஸ். அங்கே யார் வேண்டுமானாலும் திருத்தம் பரிந்துரைக்கலாம் என்பதால், உண்மையான விடுதியின் பெயருக்குக் கீழே மோசடிக்காரரின் எண் ஏறிவிடுகிறது. மேப்ஸில் உள்ள எண்ணை விடுதியின் சொந்தத் தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தளத்தையும் தேடலில் வரும் விளம்பர இணைப்பு வழியாகத் திறக்க வேண்டாம்.

அதே படம் இணையத்தில் வேறெங்காவது இருக்கிறதா என்று கூகுள் லென்ஸில் போட்டுப் பார்ப்பது நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. உண்மையான வீட்டின் படங்களையே திருடிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். நம்பகமான சோதனை வீடியோ கால்தான். கேட்டிலிருந்து ஹால், சமையலறை, குளியலறை கீசர் வரை நடந்து காட்டச் சொல்லுங்கள். “நான் மதுரையில இருக்கேன்” என்றால், வீட்டில் இருக்கும் கேர்டேக்கரைக் காட்டச் சொல்லுங்கள். பழைய வீடியோவை அனுப்பிச் சமாளித்தால் பேச்சை முடித்துவிடலாம். பணம் அனுப்பும் திரையில் வரும் பெயரையும் படியுங்கள். வங்கியில் பதிவான பெயரையே காட்ட வேண்டும் என்பது 2025 ஜூன் 30 முதல் யுபிஐ செயலிகளுக்கு விதி. உங்களிடம் பேசியவர் ஒருவர், அங்கே வேறு மாநிலத்துக்காரர் பெயர் என்றால் அனுப்பாதீர்கள்.

ஏர்பிஎன்பி போன்ற தளங்களில் பதிவு செய்கிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: “வாட்ஸ்அப்புக்கு வாங்க, கமிஷன் இல்லாம குறைச்சுத் தரேன்” என்றால் போகாதீர்கள். பணம் தளத்துக்கு வெளியே போனால் தளத்தின் பாதுகாப்பும் போய்விடும். படத்தில் இருந்த வீடு ஒன்று, போய் இறங்கிய வீடு வேறொன்று என்றால், பெட்டியைப் பிரிக்கும் முன்பே படம் எடுத்து வைத்துக்கொண்டு, பிரச்சினையைக் கண்ட 72 மணி நேரத்துக்குள் ஏர்பிஎன்பியிடம் புகார் சொல்லுங்கள். உறுதியான புக்கிங்குக்கு “கார்டை 24 மணி நேரத்தில் சரிபார்க்காவிட்டால் ரத்து” என்று ஓர் இணைப்பு வந்தால், அது தளத்தின் செய்திப் பெட்டியிலேயே வந்தாலும் அழுத்தாதீர்கள். தளத்தில் விடுதி வைத்திருக்கும் கணக்கையே திருடி அனுப்பும் செய்தி அது.

கொடைக்கானல், நீலகிரிக்கு வண்டியில் போக எடுக்கும் இ-பாஸுக்குக் கட்டணம் கிடையாது. யாராவது கேட்டால் தர வேண்டாம்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அவர்களிடம் கெஞ்சிக்கொண்டு நேரத்தை விடாதீர்கள். உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணை அழையுங்கள். 12 இலக்க யுடிஆர் எண் (பணம் அனுப்பியதற்கான பரிவர்த்தனை எண்), தொகை, நேரம், அவர்களின் யுபிஐ ஐடி நான்கும் கையில் இருக்கட்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் அதை முடக்க முடியும். அன்றே தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகாரைப் பதிவு செய்து, அந்தப் புகார் எண்ணோடு உங்கள் வங்கிக்கும் எழுதிக் கொடுங்கள். நீங்களே பின் போட்டு அனுப்பிய பணம் என்பதால் வங்கி தானாகத் திருப்பித் தராது. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், அந்தக் கட்டணத்தை மறுத்துத் திரும்பக் கேட்கும் ‘சார்ஜ்பேக்’ கோரிக்கையை வங்கியிடம் கொடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் வைத்திருங்கள், பிளாக் செய்வதற்கு முன் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள்.