நியூயார்க் நகரின் நடைபாதைச் சேவை: வீட்டுக்காரர்களுக்காக ஒரு மதிப்பீடு

நியூயார்க் நகரத்தில் வீட்டுக்கு முன்னால் செல்லும் நடைபாதை எல்லோருக்குமான பொதுவழி. ஆனால் அதைப் போடுவதும், பெயர்ந்தால் செப்பனிடுவதும், பனி விழுந்தால் ஒதுக்குவதும் அந்த மனையின் உரிமையாளருடைய பொறுப்பு. வண்டிகள் ஓடும் சாலையை நகரம் பார்த்துக்கொள்கிறது. நடைபாதையில் கால் வைத்ததும் கணக்கு மாறிவிடுகிறது. குவீன்ஸ் பகுதியில் வீடு வாங்க விரும்பும் தமிழ்க் குடும்பங்கள் பள்ளிக்கூடம் எப்படி, சுரங்க ரயில் நிலையம் எவ்வளவு தூரம், ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்றெல்லாம் தவறாமல் விசாரிக்கிறார்கள். வாசலுக்கு வெளியே இருக்கும் காங்கிரீட்டைப் பற்றி விசாரிப்பவர்கள் மிகக் குறைவு. அவர்களை மனத்தில் வைத்து, நகரப் போக்குவரத்துத் துறை நடத்தும் நடைபாதைச் சேவையையும் அதன் பின்னால் உள்ள சட்டத்தையும் சேர்த்தே இங்கு மதிப்பிடுகிறேன்.

சேவையின் நடைமுறை தெளிவாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. 311 என்ற எண்ணில் யார் வேண்டுமானாலும் புகார் செய்யலாம். துறையின் ஆய்வாளர் வந்து பார்த்து, பக்கத்துப் பக்கத்துக் காங்கிரீட் பலகைகளுக்கு இடையே அரை அங்குலமோ அதற்கு மேலோ உயர வேறுபாடு இருந்தாலும், பலகை உள்வாங்கியிருந்தாலும், அடியில் மண் அரித்துப் போயிருந்தாலும் விதிமீறல் அறிவிப்பு தருகிறார். இதற்கு அபராதம் கிடையாது. பழுதைச் சரிசெய்ய 75 நாட்கள் அவகாசம் உண்டு. அதற்குள் செய்யாவிட்டால் நகரமே தன் ஒப்பந்ததாரரைக் கொண்டு வேலையை முடித்து, செலவுக்கான பில்லை உரிமையாளருக்கு அனுப்பலாம். அந்தப் பில் கட்டப்படாமல் நின்றால் வீட்டின் மீது வில்லங்கமாக ஏறும். ஆய்வாளரின் முடிவு தவறு என்று கருதினால் மறு ஆய்வு கேட்கலாம், அதற்கு வேறொரு ஆய்வாளர் வருவார். இந்த ஏற்பாடு நியாயமானது. எத்தனையோ ஊர்களில் முதலில் எழுதிய அதிகாரியிடமே திரும்பிப் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

வேலையின் தரத்துக்கான அளவுகளும் ஒளிவுமறைவின்றி இருக்கின்றன. சாதாரண நடைபாதைக்கு 4 அங்குலக் கனம், வண்டி ஏறி இறங்கும் இடத்தில் 7 அங்குலம், அடியில் 6 அங்குலக் கல் படுகை என்று விதிகளில் எழுதப்பட்டிருப்பதால், தனியார் ஒப்பந்ததாரரை அமர்த்தும் வீட்டுக்காரர் இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம். வேலை தொடங்கும் முன் துறையின் அனுமதி பெறப்பட்டிருக்கிறதா என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னவற்றுக்கு நல்ல மதிப்பெண் தரலாம். என் தயக்கமெல்லாம் இச்சேவை யாருடைய பணத்தில், யாருடைய ஆபத்தில் நடக்கிறது என்பதில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும். நடைபாதையில் தடுக்கி விழுந்தவர்கள் முன்பு நகரத்தின் மீதே வழக்குத் தொடுத்தார்கள். இழப்பீட்டுச் செலவைக் கட்டுப்படுத்த, குறிப்பிட்ட பழுதைப் பற்றி முன்கூட்டியே எழுத்துமூலம் அறிவிக்கப்பட்டிருந்தால்தான் நகரம் பொறுப்பேற்கும் என்று 1979-ல் சட்டம் கொண்டுவரப்பட்டது. வழக்கறிஞர்கள் சும்மா இருக்கவில்லை. 1982-ல் அவர்களுடைய சங்கத்தின் முயற்சியில் ‘பிக் ஆப்பிள்’ என்று தொடங்கும் பெயரில் ஒரு அமைப்பு உருவாகி, ஆட்களை அனுப்பித் தெருத் தெருவாக நடைபாதைப் பழுதுகளைக் குறியீடுகளால் வரைபடங்களில் குறித்து, அவற்றை நகரத்திடம் எழுத்துமூல அறிவிப்பாகவே ஒப்படைத்தது. ஒவ்வொரு பழுதும் எங்கே இருக்கிறது என்பதற்கான பட்டியல் அப்படி நகரத்தின் கைக்கே வந்து சேர்ந்தது. அந்த வரைபடங்களை வைத்துப் பழுதுகளைச் சரிசெய்யும் ஒரு பெரிய திட்டத்தை நகரம் வகுத்திருக்கலாம். மாறாக, 2003 செப்டம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்த 7-210 என்ற சட்டப்பிரிவு, விழுந்தவர்களுக்கு இழப்பீடு தரும் பொறுப்பையே பெரும்பாலான சொத்துக்களின் உரிமையாளர்கள் மீது மாற்றிவிட்டது.

இங்குதான் பலரும் குழம்பிப் போகிறார்கள். செப்பனிடும் செலவு ஒரு சுமை, காயமடைந்தவருக்கு இழப்பீடு தருவது இன்னொரு சுமை. இரண்டும் ஒரே எல்லைக்கோட்டில் நிற்பவை அல்ல. ஒன்று முதல் மூன்று குடும்பங்கள் வரை வசிக்கும் வீடாக இருந்து, அதில் உரிமையாளரும் குடியிருந்து, வீடு முழுவதும் குடியிருப்பாகவே பயன்பட்டால், 7-210 பிரிவின் இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து விலக்கு உண்டு. செப்பனிடும் செலவுக்கு அந்த விலக்கு பொருந்தாது. ‘நமக்குத்தான் விலக்கு இருக்கிறதே’ என்று அறிவிப்பை ஒதுக்கி வைத்துவிட்டுப் பிறகு பில்லைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான். நம்மவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிள்ளைகளின் படிப்புக்காக நியூஜெர்சிக்கோ லாங் ஐலண்டுக்கோ குடிபெயர்ந்து, குவீன்ஸ் வீட்டை முழுவதுமாக வாடகைக்கு விடும் குடும்பங்கள், வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அந்த விலக்கையும் இழக்கின்றன. தரைத்தளத்தைக் கடைக்கு விட்டாலும் இதே நிலைதான். காப்பீட்டு முகவரிடம் இந்த மாற்றத்தைச் சொல்லாமல் விடுவது பெரிய ஆபத்து.

மரங்களின் கதை இதைவிடச் சங்கடமானது. தெருமரத்தை நடுவதும் அதற்கு உரிமை கொண்டாடுவதும் நகரத்தின் பூங்காத் துறை; அதன் அனுமதியின்றி உரிமையாளர் ஒரு வேரைக்கூட வெட்ட முடியாது. அந்த வேர் தூக்கிவிட்ட பலகையைச் சரிசெய்யும் கடமையோ உரிமையாளருடையது என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. 2005-ல் தொடங்கிய மரங்கள் மற்றும் நடைபாதைகள் திட்டம், வேரால் சேதமான இடங்களைச் சிறு வீட்டுக்காரர்களுக்காக நகரச் செலவிலேயே சரிசெய்கிறது. அதில் எந்த இடம் முதலில் என்பது சேதத்தின் கடுமையைப் பொறுத்தது. நகர மரத்தால் மட்டுமே ஏற்பட்ட சேதத்துக்காகச் சிறு வீடுகளின் மீது வில்லங்கம் ஏற்றுவதில்லை என்று 2019-ல் நகரம் அறிவித்தது. இந்தச் சேவையில் நான் மனமாரப் பாராட்டும் பகுதி இதுவே. ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பின் உரிமையாளருக்கோ கடைக்காரருக்கோ இந்தச் சலுகை இல்லை. மரத்தைச் சுற்றி விட்டிருக்கும் மண் குழி நடைபாதையின் பகுதி அல்ல என்று மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-ல் தீர்ப்பளித்ததால், குழியின் விளிம்பில் இடறினால் ஒரு சட்டம், அதற்கு ஒரு அடி தள்ளி இடறினால் வேறு சட்டம். மின்சாரம், எரிவாயு நிறுவனங்களின் மூடிகளையும் அவற்றைச் சுற்றி 12 அங்குலத்தையும் அந்நிறுவனங்களே பராமரிக்க வேண்டும். ஒரே வாசலின் முன் இத்தனை எல்லைகள் இருக்கின்றன.

நடப்பவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் குறை இன்னும் தெளிவாகத் தெரியும். சக்கர நாற்காலியில் போகிறவருக்குத் தெரு முழுவதும் ஒரே வழி. ஒரு வீட்டின் முன் பலகை உடைந்திருந்தால் மற்ற எல்லா வீட்டாரும் ஒழுங்காகச் செப்பனிட்டிருந்தும் அவருக்குப் பயனில்லை. மனைக்கு மனை துண்டாடப்பட்ட பொறுப்பால் அவருக்கு ஒரு முழு வழி கிடைப்பதில்லை என்பதே இந்த ஏற்பாட்டின் மீது எனக்குள்ள முதன்மையான ஆட்சேபம். டென்வர் நகர மக்கள் 2022 நவம்பரில் வாக்களித்து இதை மாற்றிக்கொண்டார்கள். அங்கே பெரும்பாலான வீட்டுக்காரர்கள் ஆண்டுக்கு 150 டாலர் கட்டணம் செலுத்த, நடைபாதைகளைப் பழுதுபார்க்கும் பொறுப்பு நகரத்திடம் போயிருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸிலோ மாற்றுத்திறனாளிகள் வழக்குத் தொடுத்த பிறகுதான், 30 ஆண்டுகளில் நூறு கோடி டாலருக்கும் அதிகமாக நடைபாதைகளுக்குச் செலவிட நகரம் ஒப்புக்கொண்டது. நியூயார்க் டென்வரின் வழியில் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆய்வு முறைக்கும் மறு ஆய்வு வசதிக்கும் ஐந்தில் நான்கு, மரச்சேதத் திட்டத்துக்கு மூன்றரை, பொறுப்பைப் பிரித்திருக்கும் முறைக்கு ஒன்று என்பது என் மதிப்பெண். வீடு வாங்கப் போகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: விதிமீறல் அறிவிப்பின் நகல் கவுண்டி எழுத்தர் அலுவலகத்தில் பதிவாகிறது, பழுது சரியாகிவிட்டது என்று துறை உறுதிசெய்யும் வரை அது அங்கேயே இருந்து, விற்பனைக்கும் மறுகடனுக்கும் இடையூறாகலாம். எனவே பத்திரப்பதிவுக்கு முன் வழக்கறிஞரிடம் சொல்லி அதைத் தேடச் செய்து, நிலுவையில் ஏதும் இருந்தால் விற்பவரே செப்பனிட்டுத் தர வேண்டும் அல்லது அந்தத் தொகையை விலையில் கழிக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.