சம்மாங்கோட்டுப் பள்ளி: உள்ளே போய்ப் பார்ப்பவர்களுக்கு

கொழும்புப் புறக்கோட்டைக்குச் சாமான் வாங்கப் போகிறவர்களில் பலர் இரண்டாம் குறுக்குத் தெருவில் அந்தச் சிவப்பு வெள்ளைப் பள்ளிவாசலின் சுவரை அண்ணாந்து பார்த்துவிட்டு நடையைக் கட்டிவிடுகிறார்கள். பத்திரங்களில் ஜாமிஉல் அல்ஃபார், பேச்சில் சம்மாங்கோட்டுப் பள்ளி, சிங்களத்தில் ரத்து பள்ளிய. தொழுகை நேரம் தவிர்த்து முஸ்லிமல்லாதவர்களும் உள்ளே போகலாம். கொழும்பில் கட்டாயம் பார்க்கவேண்டிய கட்டடம் இது. நேரம் பிசகினால் மட்டும் வாசலோடு திரும்பவேண்டி வரும்.

நண்பகல் தொழுகையான ளுஹருக்கு அழைக்கும் பாங்கு 12 மணியை ஒட்டியும், பிற்பகல் தொழுகையான அஸருக்கான பாங்கு மூன்றேகால், மூன்றரை வாக்கிலும் வரும். அதனால் காலை 9 முதல் 11 வரை போவதே நல்லது. வெள்ளிக்கிழமையை விட்டுவிடுங்கள், ஜும்ஆ என்னும் வெள்ளி நண்பகல் கூட்டுத்தொழுகைக்குக் கடைக்காரர்களே தெருவை நிறைத்துவிடுவார்கள். கோட்டை புகையிரத நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைதான். ஓட்டோவில் போனால், லொறியிலிருந்து மூட்டை இறக்கும் நாட்டாமைமாருக்கும் கைவண்டிகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு அரை மணிநேரம் போய்விடும். ஞாயிறு பெரும்பாலான கடைகள் பூட்டு, தெரு வெறிச்சென்றிருக்கும். படம் எடுக்க அதுதான் நாள்.

பாதணிகளைக் கழற்றவேண்டும், ஒரு பையைக் கொண்டுபோனால் கையிலேயே வைத்துக்கொள்ளலாம். அரைக்காற்சட்டையோடு வரும் ஆண்களுக்கும் தலையை மூடாமல் வரும் பெண்களுக்கும் மேலே போட உடை கொடுப்பார்கள். அவை எல்லோருக்கும் அளவாக இராது. சாரமோ சால்வையோ சொந்தமாகக் கொண்டுபோவது வசதி.

இனிக் கட்டடம். 1908இல் தொடங்கி 1909இல் முடித்தார்கள். கட்டச்சொன்னவர்கள் தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள். வடிவமைத்தவர் ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை, முறைப்படி கட்டடக்கலை படித்தவரல்லர். வணிகர்கள் கொடுத்த இந்தோ-சரசெனிக் (இந்திய, இஸ்லாமியப் பாணிகள் கலந்த) கட்டடங்களின் விவரங்களை வைத்தே வேலையை எடுத்திருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு முகப்பைப் பார்த்தால்தான் அதன் துணிவு விளங்கும். வடஇந்தியாவில் செந்நிற மணற்கல்லையும் வெண்பளிங்கையும் மாற்றி மாற்றி அடுக்கிச் செய்ததை இங்கே சிவப்பு வெள்ளைக் கோடுகளாக்கியிருக்கிறார்கள். ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணை மேலே ஏற்றிப் பாருங்கள்: சுவரில் கிடையாக ஓடும் கோடு தூணில் முறுக்கிய கயிறுபோலச் சுற்றி ஏறும், இன்னோரிடத்தில் சதுரங்கக் கட்டமாக உடையும். உச்சியில் மாதுளங்காய் வடிவக் குவிமாடங்கள், கூடவே மணிக்கூட்டுக் கோபுரம், ஐரோப்பியத் தேவாலயங்களில் காணும் கொத்திக் பாணியின் சாயலும் கலந்திருக்கிறது. அதே 1909இல் கோலாலம்பூரில் திறந்த ஜாமிக் பள்ளிவாசலிலும் சிவப்பு வெள்ளைப் பட்டைகள் உண்டு. அதை வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பக் என்ற ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர். அது அடக்கம், நம்முடையது கொண்டாட்டம்.

படம் எடுப்பவர்கள் செய்யும் தவறு, வாசலுக்கு நேரெதிரே நிற்பது. தெரு ஒடுக்கம், பாதி முகப்புத்தான் அகப்படும், குறுக்கே மின்கம்பிகளும் விழும். தெருவோரமாக முப்பது நாற்பது அடி விலகிச் சரிவாக எடுத்தால் குவிமாடங்கள் முழுதாக வரும்.

உள்ளே, இன்று பத்தாயிரம் பேர்வரை தொழக்கூடிய அளவுக்கு விரிந்த இடம். பின்னால் சேர்த்த பெரிய மண்டபங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பழைய பகுதி எது என்று அங்குள்ளவர்களிடமே கேளுங்கள், பொறுமையாகக் காட்டுவார்கள். உட்கார்ந்து பார்க்கத் தகுந்தது அதுதான். தொழுபவர்களின் முன்னால் மட்டும் குறுக்கிடக் கூடாது.

தமிழில் தொழுமிடமும் பள்ளி, படிக்குமிடமும் பள்ளி. இரண்டும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்க்க மருதானைக்குப் போகவேண்டும். 1892இல் கல்வி முன்னோடி சித்தி லெப்பை, கட்டடக்காரர் வாப்பிச்சி மரிக்கார், நாடுகடத்தப்பட்டு இங்கிருந்த எகிப்தின் ஒராபி பாஷா ஆகியோரின் முயற்சியில் தொடங்கிய மத்ரஸாதான் (மார்க்கப் பாடசாலை) மருதானைப் பள்ளிவாசலை அடுத்து நிற்கும் இன்றைய ஸாஹிறாக் கல்லூரி. டி. பி. ஜாயா 1921 முதல் 1948 வரை அதன் அதிபர். அது சுற்றுலாத் தலமல்ல, பிள்ளைகள் படிக்கும் பாடசாலை. அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி கேட்காமல் வாயிலில் போய் நிற்பதில் பயனில்லை. ஆனால் வாப்பிச்சி மரிக்காரின் கைவேலையைப் பார்க்க யாரிடமும் அனுமதி கேட்கவேண்டாம். கறுவாத்தோட்டத்தில் 1877இல் திறந்த நூதனசாலையைக் கட்டியவர் அவர்தான், நுழைவுச்சீட்டு எடுத்தால் போதும்.