ஸ்ட்ரெச் ஃபிலிம்: துவாஸ் கிடங்கிலிருந்து ஒரு அனுபவம்

சிங்கப்பூர் துவாஸில் நான் வேலை பார்க்கும் கிடங்கில், பேலட்டில், அதாவது சரக்கை அடுக்கும் கட்டைத் தட்டில், சரக்கு சரியாமல் இருக்க ஸ்ட்ரெச் ஃபிலிம் என்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாளை இழுத்துச் சுற்றுவோம். அதற்குக் கை ரோலும் ஓடுகிறது, மெஷின் ரோலும் ஓடுகிறது. சில வருடங்களாக ஃபிலிம் வாங்குவதும் நான்தான், புதுப் பையன்களுக்குச் சுற்றக் கற்றுக்கொடுப்பதும் நான்தான். தடிமனான ஃபிலிம் வாங்கினால் சரக்கு பத்திரம் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எவ்வளவு இழுத்துச் சுற்றுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இது எல்.எல்.டி.பி.இ. என்கிற பிளாஸ்டிக். குருணையாக வருவதை உருக்கி, நீளமான மெல்லிய பிளவு வழியே விட்டு, குளிர்ந்த உருளையில் ஆறவைத்தால் காஸ்ட் ஃபிலிம். வட்டமான டை, அதாவது அச்சு வழியே பெரிய குமிழாக ஊதிக் காற்றில் ஆறவிட்டால் ப்ளோன் ஃபிலிம். காஸ்ட் பளிச்சென்று இருக்கும். பார்கோடை மேலிருந்தே ஸ்கேன் செய்யலாம். ப்ளோன் கொஞ்சம் மங்கல், பிரிக்கும்போது சத்தம் காதைப் பிளக்கும். ஆனால் கூரான மூலை குத்தினாலும் சட்டென்று கிழியாது. அதனால் எங்களிடம் இரும்பு உதிரிபாகங்களுக்கு ப்ளோன், அட்டைப்பெட்டிகளுக்கு காஸ்ட்.

இழுத்த ஃபிலிம் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இறுக்கம்தான் சரக்கைப் பிடிக்கிறது. மெஷினில் இரண்டு உருளைகள் உண்டு. ஃபிலிம் வெளியேறும் பக்கத்து உருளை வேகமாகச் சுழலும். 200 சதவீத ப்ரீ-ஸ்ட்ரெச் (பேலட்டில் ஏறும் முன்பே இழுப்பது) வைத்தால் ரோலிலிருந்து வரும் 1 மீட்டர், 3 மீட்டராகிப் பேலட்டில் ஏறும். கையால் அந்த அளவுக்கு இழுக்க யாராலும் முடியாது. 23 மைக்ரான் தடிமன் உள்ள கை ரோலைத் தொளதொளவென்று எத்தனை சுற்று சுற்றினாலும் மெஷின் இறுக்கம் வராது. உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

கையால் சுற்றும்போது பெரும்பாலும் கோட்டை விடுவது அடிப்பக்கத்தில். முதல் இரண்டு மூன்று சுற்று பேலட் கட்டையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் லாரி ஒரு பிரேக் போட்டாலே, பெட்டிகள் கட்டு குலையாமல் மொத்தமாகப் பேலட்டை விட்டு நகர்ந்துவிடும். அப்புறம், ஒவ்வொரு சுற்றும் முந்தையதைப் பாதியளவு மூட வேண்டும்.

"தம்பி, மேலே சுத்திட்டியா?"

"ஆச்சுண்ணே."

"கீழே?"

பதில் வராது. குனிய வேண்டுமே!

இந்த ஊர் வெக்கைக்கு ரோலை வைக்கும் இடமும் முக்கியம். வெயிலில் நின்ற கன்டெய்னருக்குள் கிடந்த ரோல் அளவுக்கு மீறி ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கும். குளிரறையிலிருந்து வெளியே வரும் பேலட்டில் ஈரம் கோத்து அட்டை ஊறும். வெங்காய மூட்டைகளுக்கு மூடிய ஃபிலிமே வேண்டாம். வலை போட்டால் காற்று போகும், அழுகாது.

வாங்கும்போது எடையைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு சப்ளையர் மற்றவர்களைவிட மலிவாகக் கொடுத்தார். ரோல் தீர்ந்தபின் அட்டைக் குழாயைத் தராசில் வைத்தால், 1 கிலோவுக்கு மேல் நின்றது! இப்போது யார் சாம்பிள் தந்தாலும் ஒரு பேலட் சுற்றி, பிரித்து, அந்த ஃபிலிமை மட்டும் எடை போடுகிறேன். ரோல் விலையை விட்டுவிட்டு, ஒரு பேலட்டுக்கு எத்தனை காசு என்றுதான் பேரம் பேசுகிறேன்.