லினக்ஸ் மின்ட்டின் ஃபயர்பாக்ஸ்: சுங்கை சிப்புட் டியூஷன் மேசைக்குச் சரிப்படுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத்துப் பிள்ளைகள் வரும் டியூஷன் நிலையம். கைமாறி வந்த மடிக்கணினி, 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க், இணையத்துக்கு வாத்தியாரின் கைப்பேசி ஹாட்ஸ்பாட். இந்த நிலையில், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச லினக்ஸ் இயங்குதளங்களில் உபுண்டுவா மின்ட்டா என்றால், பிரவுசர் ஒன்றுக்காகவே மின்ட் என்று சொல்லலாம்.

உபுண்டு 22.04 முதல் ஃபயர்பாக்ஸ் பிரவுசர் ‘ஸ்னாப்’ என்ற வகை மென்பொருள் பொதியாகத்தான் வருகிறது. சுருக்கி அடைத்ததை விரித்துத் திறக்க வேண்டியிருப்பதால், கணினியைப் போட்டதும் முதல் தடவை இழுஇழு என்று இழுக்கும். போதாததற்கு, ஸ்னாப் நாளுக்கு நான்கு முறை புதுப்பிப்பு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் கேட்காமலே இறக்கிக்கொள்ளும். பிரிபெய்ட் டேட்டா போன இடம் தெரியாது. மின்ட்டில் இருப்பது சாதாரண ‘டெப்’ வகைப் பொதி, ஸ்னாப் போலத் தானாக இறக்கிக்கொள்ளாது. அப்டேட் மேனேஜர் அளவைக் காட்டும். நீங்கள் அமுக்கினால்தான் இறங்கும். அதற்காக மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள், பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதும் அதே புதுப்பிப்புதான்.

ஒரு தொல்லை உண்டு. ஃபயர்பாக்ஸ் திறந்திருக்கும்போதே புதுப்பித்தால், அடுத்த டேப் திறக்காமல், ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி நிற்கலாம். அப்படி நின்றால் பாதி நிரப்பிய படிவம் போச்சு. மூடிவிட்டு அமுக்குங்கள்.

தேடுபொறிக்கு வருவோம். முன்பு மின்ட் தன் சொந்தத் தொடக்கப் பக்கத்தையும், தனக்கு வருமானம் தரும் தேடுபொறிகளையும் வைத்துக் கொடுத்தது. கூகுள் அந்தப் பட்டியலில் இராது. கையால் சேர்க்க வேண்டும். 2022 ஜனவரியில், ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொஸில்லாவோடு கைகோத்த பிறகு மொஸில்லா வைத்த அமைப்பே வருகிறது, இயல்பாகக் கூகுள். இலவச மென்பொருளுக்கு எங்கிருந்தோ காசு வரத்தான் வேண்டும். ஆனால் கூகுள் இல்லாமல் பிள்ளைகள் திணறுவது நின்றது நல்லதே. வேண்டாதவர்கள் செட்டிங்ஸில் சர்ச் பகுதிக்குப் போய் டக்டக்கோ என்ற தேடுபொறிக்கு மாற்றலாம். ஒரே ஒரு தேடலுக்கு மட்டும் என்றால், முகவரிப் பட்டையில் அட் குறி (@) போட்டாலே தேடுபொறிகள் வரிசையாக வரும்.

தமிழுக்கு இதைவிட உருப்படியான ஒன்று உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவைத் திறந்து, முகவரிப் பட்டையில் வலது கிளிக் செய்து, அதைத் தேடுபொறியாகச் சேருங்கள். பிறகு அதே சர்ச் பகுதியின் பட்டியலில் அதன் குறிச்சொல் கட்டத்தை இருமுறை தட்டி ‘த’ என்று எழுதுங்கள். அப்புறம் முகவரிப் பட்டையில் ‘த செம்பனை’ என்றால் போதும், தேடல் நேரே தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் போகும்.