சத்தமாக ஊதிப் பார்த்து டிரம்பெட் வாங்காதீர்கள்

எட்டு வருடமாக ஊதிய என் பழைய டிரம்பெட்டின் இரண்டாம் வால்வு, அதாவது விரலால் அழுத்துகிற மூன்று பொத்தான்களில் நடுவிலுள்ளது, ஒருநாள் கீழே போனது, மேலே வரவில்லை. கழுவினேன், எண்ணெய் விட்டேன், ஸ்பிரிங்கை மாற்றினேன், வந்தது. மூன்றாம் நாள் மறுபடியும் அதே கதை. போதாக்குறைக்கு லீட்பைப்பில், அதாவது உதட்டை வைத்து ஊதுகிற மவுத்பீஸிலிருந்து காற்று முதலில் நுழைகிற அந்த நேர்க்குழாயில், சின்னச் சின்னச் செம்புநிறப் புள்ளிகள். பித்தளையில் இருக்கும் துத்தநாகம் கரைந்துபோய்ச் செம்பு மட்டும் மிஞ்சுவதால் வருவது அது. உள்பக்கமிருந்து அரித்துக்கொண்டு வருவதால் வெளியே தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். சரி, இனி இதோடு மல்லுக்கட்ட வேண்டாம், புதிது வாங்கிவிடலாம் என்று முடிவு செய்து, இரண்டு மதிய வேளைகள் ஒரு கடையின் பின்னறையில் மூன்று டிரம்பெட்களோடு உட்கார்ந்தேன். அந்த அனுபவமும், வாங்கி ஐந்து மாதம் ஊதிய பிறகு தோன்றுவதும்தான் இது.

மூன்றும் பி ஃபிளாட் டிரம்பெட்கள். ஒன்று பாக் ஸ்ட்ராடிவேரியஸ் 180, அதன் பெல், அதாவது ஒலி வெளியே வருகிற விரிந்த முனை, 37-ஆம் எண். இன்னொன்று யமஹா ஸீனோ 8335. மூன்றாவதன் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏன் என்று பிறகு தெரியும். முதல் இரண்டையும் காகிதத்தில் ஒப்பிட்டால் அண்ணன் தம்பி மாதிரிதான். இரண்டிலும் உள்விட்டம் சுமார் 11.65 மில்லிமீட்டர், பெல்லின் வாய் 122, 123 மில்லிமீட்டர், வால்வுக்குள் ஏறி இறங்குகிற பிஸ்டன்கள் மோனல் என்கிற நிக்கல் செம்புக் கலவை, பெல் ஒரே தகட்டிலிருந்து அடித்து உருவாக்கியது. இரண்டுமே வெள்ளி முலாம். எண்களை மட்டும் பார்த்து வாங்குவதாக இருந்தால் காசைச் சுண்டிப் போட்டே வாங்கியிருக்கலாம்.

நான் செய்த முதல் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். உள்ளே போனதும் கையில் எடுத்து, மேல் சி வரைக்கும் முழு மூச்சில் ஒரு பாய்ச்சல். அறையே அதிர்ந்தது. ஆகா, இதுதான் என்று தோன்றியது. அடுத்ததை எடுத்து அதே பாய்ச்சல், ஆகா, இதுவும்தான். சத்தமாக ஊதினால் ஓரளவு ஒழுங்காகச் செய்த எந்த டிரம்பெட்டும் பளபளவென்றுதான் கேட்கும். காற்றின் வேகம் குழாயின் குறைகளையெல்லாம் மூடிவிடும், உற்சாகம் காதை மூடிவிடும். அரைமணி நேரம் இப்படி வீணாக்கியதில் உதடு தளர்ந்ததுதான் மிச்சம். கடைசியாக எடுத்த டிரம்பெட் மோசம் என்று வேறு எழுதி வைத்தேன். மோசமானது டிரம்பெட் இல்லை, என் உதடு. மறுநாள் வரிசையை மாற்றி ஊதியபோதுதான் புரிந்தது.

மறுநாள் ஒழுங்காகப் போனேன். என்னுடைய மவுத்பீஸைத்தான் மூன்றிலும் போட்டேன். இதைச் செய்யாமல், பெட்டியோடு வருகிற மவுத்பீஸை வைத்து ஊதிப் பார்த்தால் நாம் சோதிப்பது மவுத்பீஸைத்தான், டிரம்பெட்டை அல்ல. விளிம்பில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, உதட்டுக்கு அது வேறு ஊர். அதோடு ஒவ்வொன்றிலும் மவுத்பீஸ் எவ்வளவு ஆழம் போய் உட்காருகிறது என்றும் பார்க்க வேண்டும், ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் உள்ளே போவது வழக்கம். லொடலொடவென்று ஆடினாலோ, பாதியிலேயே நின்றாலோ, அந்த டிரம்பெட்டைக் குறை சொல்வதற்கு முன் அந்த ஜோடியைச் சந்தேகப்படுங்கள்.

அப்புறம் சூடு. குளிர்ந்த டிரம்பெட் சுருதி இறங்கியே ஒலிக்கும், உள்ளே இருக்கும் காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும். நூறு சென்ட் ஓர் அரைச்சுரம் என்பதால் 3 பெரிதாகத் தெரியாது, ஆனால் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்ததையும் பத்து நிமிடம் ஊதியதையும் அடுத்தடுத்து, சுருதியை அளந்து காட்டுகிற டியூனர் முன்னால் வைத்தால் தீர்ப்பே மாறிவிடும். ஒவ்வொன்றையும் மெதுவாக ஐந்து நிமிடம் ஊதிச் சூடாக்கின பிறகுதான் டியூனரை ஆன் செய்தேன்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். மெதுவாக ஊதுங்கள். எவ்வளவு மெதுவாக என்றால், பக்கத்து அறையில் தூங்குகிறவர் எழுந்துவிடக்கூடாது என்கிற அளவுக்கு. நாக்கால் தட்டாமல், வெறும் மூச்சை ஹூ என்று விட்டு நடு ஜி-யைத் தொடங்கிப் பாருங்கள். நல்ல டிரம்பெட்டில் சுரம் காத்திருந்ததுபோல வந்து நிற்கும். சிலவற்றில் முதலில் காற்று மட்டும் வரும், அரை வினாடி கழித்துச் சுரம் தொற்றிக்கொள்ளும். ஸீனோவில் பத்துக்கு ஒன்பது முறை உடனே பிடித்தது. பாக்கில் எனக்கு ஆறு ஏழு முறை. பாக்கின் மேல் குறை இல்லை இது, அது என்னைவிட நிறையக் காற்றைத் தயங்காமல் கொடுக்கிற ஆளைக் கேட்கிறது. அப்படிக் கொடுத்தபோது வந்த ஒலி, இன்றைக்கும் சொல்கிறேன், மூன்றிலும் அடர்த்தியானது அதுதான். ஆனால் என் வாசிப்பில் பாதிக்கு மேல் மெதுவான பகுதிகள். அங்கே ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வருமா வராதா என்று பயப்பட எனக்குத் தெம்பில்லை.

சுருதி விஷயத்தில் எந்த டிரம்பெட்டும் உத்தமன் இல்லை, இயற்பியல் விடாது. வால்வை அழுத்தாமல் ஒரே குழாயில் கிடைக்கும் சுரங்களில் ஐந்தாவது ஹார்மோனிக், எழுத்தில் மேல் ஈ, இன்று நாம் பழகிய சம அரைச்சுர அளவைவிடச் சுமார் 14 சென்ட் இறங்கியே இருக்கும். அதே குடும்பத்தில் வருகிற ஈ ஃபிளாட்டும் டி-யும் கூட. கேள்வி, எவ்வளவு இறங்குகிறது, உதட்டால் கொஞ்சம் தூக்கினால் கேட்கிறதா என்பதுதான். மூன்றாவது டிரம்பெட் இதில் பரவாயில்லை, உண்மையில் மேல் ஈ அதில்தான் மிக நேராக இருந்தது. அதனால்தான் அடுத்து நடந்தது எரிச்சலாக இருந்தது.

கீழ் டி-யும் சி ஷார்ப்பும் வேறு ரகப் பிரச்சினை. டி-க்கு முதல் வால்வும் மூன்றாம் வால்வும் சேர வேண்டும், சி ஷார்ப்புக்கு மூன்றும். ஒவ்வொரு வால்வும் தனியாகச் சேர்க்கிற குழாய், திறந்த நிலையில் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளமுள்ள குழாய்க்கு அளவெடுத்தது. இன்னொரு வால்வு அழுத்தியதும் மொத்த நீளம் கூடிவிடுகிறது, இந்தக் கூடுதல் துண்டோ பழைய அளவிலேயே இருக்கிறது, அதனால் போதாமல் போகிறது. வெறும் கணக்குப்படி டி சுமார் 30 சென்ட்டும் சி ஷார்ப் ஐம்பதுக்கு மேலும் ஏறிவிடும். தயாரிப்பவர்கள் மூன்றாம் குழாயைக் கொஞ்சம் நீளமாகவே வைத்து இதைக் குறைப்பார்கள், மிச்சத்தை நாம்தான் இடது கை விரலால் மூன்றாம் ஸ்லைடை, அதாவது அந்தக் குழாயின் நகர்கிற துண்டை, வெளியே தள்ளிச் சரிசெய்ய வேண்டும். அதனால் அந்த ஸ்லைடு வெண்ணெய் மாதிரி ஓட வேண்டும். மூன்றாம் வால்வை அழுத்திப் பிடித்தபடி டிரம்பெட்டைச் சரித்தால் தன் எடையிலேயே மெல்ல நழுவி வர வேண்டும். பாக்கிலும் ஸீனோவிலும் வந்தது. அந்தப் பெயர் சொல்லாததில் இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது, அதுவும் ஒரு பக்கக் கால் முன்னால் வருகிறது, மறுபக்கக் கால் பின்தங்குகிறது, அதாவது இரண்டு கால்களும் இணையாக இல்லை. கடைக்காரரிடம் காட்டினேன். "ஊத ஊதத் தானா லூசாயிடும் சார்" என்றார். கோணலாகப் பற்றவைத்தது ஊதினால் நேராகாது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். அதை அங்கேயே வைத்துவிட்டேன்.

ஸ்லைடு பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். வால்வை அழுத்தாமல் இரண்டாம் ஸ்லைடைச் சட்டென்று உருவினால் பாட்டில் மூடி திறப்பதுபோல டப் என்று ஒரு சத்தம் வர வேண்டும், பிஸ்டன் உறையோடு இறுக்கமாக இருக்கிறது என்று அர்த்தம். வால்வுகளை நேராக மட்டுமில்லாமல், விரலைச் சாய்த்து ஓரத்தில் அழுத்தியும் பாருங்கள். வேகமான இடத்தில் யாரும் அழகாக நேராக அழுத்துவதில்லை.

ஒலி எப்படி என்று கேட்பீர்கள். அங்கேதான் எனக்கு நல்ல பாடம். டிரம்பெட் ஊதுகிறவன் பெல்லுக்குப் பின்னால் இருக்கிறான், தான் எழுப்பும் ஒலியைக் கடைசியாகக் கேட்பவன் அவன்தான். 1953-ல் அமெரிக்க ஜாஸ் கலைஞர் டிஸ்ஸி கில்லஸ்பியின் டிரம்பெட் ஒரு விருந்தில் தவறுதலாக வளைந்துபோனது, வளைந்ததை ஊதிப் பார்த்தபோது தன் ஒலி தனக்கே இன்னும் தெளிவாகக் கேட்டதால்தான் அவர் பிறகு மேல்நோக்கி வளைந்த பெல்லையே செய்யச் சொல்லி வாசித்தார். நமக்கு அந்த வசதி இல்லை. எங்கள் குழுவில் டிராம்போன் ஊதுகிற நண்பரைக் கூட்டிப் போய் அறையின் மறுகோடியில் சுவரைப் பார்த்து நிற்கவைத்தேன். பாக்கையும் ஸீனோவையும் மாற்றி மாற்றிப் பத்து முறை ஒரே வரியை ஊதினேன், எது எது என்று அவர் சொல்ல வேண்டும். பத்தில் ஆறு சரி. காசைச் சுண்டினாலும் ஐந்து வந்திருக்கும். எனக்குள் கடலும் மலையுமாகத் தெரிந்த வித்தியாசம் இருபது அடி தூரத்தில் கிட்டத்தட்டக் காணாமல் போய்விட்டது. அதே நண்பர் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் கண்டுபிடித்தது ஒன்றைத்தான், நான் எங்கே பயந்து ஊதினேன் என்பதை. "நாலாவதுல தயங்கினீங்க, ஏழாவதுலயும்." இரண்டு முறையும் என் கையில் இருந்தது பாக்.

ஸீனோவை வாங்கினேன்.

வெள்ளி முலாமா, பித்தளைமேல் பூசுகிற லாக்கர் என்கிற மெருகுப் பூச்சா என்பதில் ஆளாளுக்கு ஒரு வேதாந்தம் வைத்திருப்பார்கள், வெள்ளி இருண்ட ஒலி, லாக்கர் பளிச் ஒலி என்று. அந்தப் பத்துமுறைச் சோதனைக்குப் பிறகு எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. நான் வெள்ளியை எடுத்ததற்குக் காரணம், என் கை வியர்வை பழையதன் லாக்கரை இரண்டே வருடத்தில் பிடியிடத்தில் தின்றுவிட்டது. வெள்ளி அப்படிப் போகாது, ஆனால் கறுக்கும். ஐந்து மாதத்தில் இடது கை படுகிற இடத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் லேசாக மஞ்சளாகிவிட்டது, துணியால் துடைத்தால் போகிறது, துடைக்கச் சோம்பேறித்தனமாக இருக்கிறது.

வாங்கி வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒருமுறை முழுக்கக் கழுவினேன். புதுசைப் போய் யாராவது கழுவுவார்களா என்று வீட்டில் சிரித்தார்கள். மெருகேற்றும்போது பயன்படும் பொடியும் எண்ணெயும் கொஞ்சமாவது உள்ளே தங்கியிருக்க வாய்ப்புண்டு, அது வால்வுக்கு நல்லதில்லை. முதல் மாதம் தினமும் எண்ணெய், இப்போது இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை. வால்வு இதுவரை ஒருமுறைகூட நிற்கவில்லை. மூன்றாம் ஸ்லைடின் வளையம் என் குட்டை விரலுக்குக் கொஞ்சம் எட்டத்தில்தான் இருக்கிறது, முழுசாக நீட்டும்போது கையை ஒருமாதிரி திருப்ப வேண்டியிருக்கிறது. நீளமான விரல்காரர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை.

மேல் ஸ்தாயி ஏறியதா என்று கேட்காதவர்கள் இல்லை. ஏறவில்லை. பழையதில் எது வரை வந்ததோ அதுவரைதான் இதிலும் வருகிறது, அங்கே போய்ச் சேருவது கொஞ்சம் சுலபமாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

மாறியது கீழே. பழைய டிரம்பெட்டில் மூன்றாம் ஸ்லைடு என்றைக்கோ இறுகிப்போய்விட்டது, அதனால் எட்டு வருடமாக ஒவ்வொரு கீழ் டி-யையும் உதட்டைத் தளர்த்தியே இறக்கி ஊதியிருக்கிறேன், அப்படிச் செய்கிறேன் என்றே எனக்குத் தெரியாது. புதியதில் ஸ்லைடு ஓடுகிறது, ஆசை ஆசையாக நீட்டினேன், கூடவே பழைய வழக்கத்தில் உதட்டையும் இறக்கினேன். முதல் ஒத்திகையில் அந்த டி கிணற்றுக்குள் விழுந்ததுபோல இறங்கிப்போய், முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. டிராம்போன் நண்பர் மட்டும் திரும்பவில்லை, குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார். இப்போதும் வாரத்துக்கு ஒருமுறையாவது அது நடக்கிறது.